நம்மள்ல ஒருத்தர்

வெளிச்சம் வருவதற்கு முன்னாலேயே முதல் வண்டி அழுக்கு வந்துவிட்டது. எல்லாம் ஆஸ்பத்திரி விரிப்புகள். மூட்டையைப் பிரித்தால் மருந்து வாடையும் வேர்வை வாடையும் கலந்து எழும்பி மூக்கைக் குத்தும். அந்தச் சலவைக்கூடத்தில் பொழுது விடிவது அந்த வாடையில்தான். சூரியன் அதற்கப்புறம் வரும், அதுவும் கூரையோரத்துக் கண்ணாடி வழியாக மங்கலாக.

நனைந்த விரிப்பைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் துணி என்ன கனம் கனக்கும் என்று. மெஷின்காரர் துவைத்து இழுத்துப் போடுவார். டிரையர்காரர் அரை ஈரமாக உலர்த்தி அனுப்புவார். அப்புறம் அது ரோலருக்கு வரும். ரோலர் என்றால் ஆள் நீளத்துக்கும் மேலான இரண்டு உருளைகள், உள்ளே கொதிக்கிற சூடு. ஒரு பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் மொடமொடவென்று வெளியே வரும். கொடுக்கிறவள் வாயாடி. வாங்கி மடிக்கிறவள் அண்ணி.

அண்ணிக்கு அந்தப் பெயர் வந்ததே ஒரு கூத்து. அவள் புருஷனின் தம்பி முன்பு இங்கே வண்டி ஓட்டினான். அவன் வாய்க்கு வாய் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட, கூடமே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அவன் வேலையை விட்டுப் போய் எத்தனையோ நாளாயிற்று, பெயர் மட்டும் போகவில்லை. பத்து வயது மூத்த மெஷின்காரர்கூட அண்ணி என்றுதான் கூப்பிடுவார். "உங்க அண்ணன் எங்கேன்னு நானும் தேடிக்கிட்டுதான் இருக்கேன்" என்பாள் அவள்.

"அண்ணி, நேத்து என் வீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்டார் பாருங்க," என்று ரோலர் இரைச்சலுக்கு மேலே கத்தினாள் வாயாடி. "'உனக்கு இஷ்டப்பட்ட நேரத்துலதானே வேலை? அப்புறம் எதுக்குடி இருட்டோட இருட்டா எழுந்து ஓடறே'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"இருட்டுதான் எனக்கு இஷ்டம்னேன். வெளிச்சம் வந்தா மனுஷன் மூஞ்சியைப் பாக்கணுமே!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கை ஓடியது. வாயாடிக்கு வாய் ஓடினால்தான் கையும் ஓடும்.

இஷ்டப்பட்ட நேரம் என்ற கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம்வரை இங்கே ஒரு மேஸ்திரி இருந்தார். கழிப்பறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்று செருமுகிற ரகம். ஒரு நாள் முதலாளி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தொழிலாளிகள் நடுவில் வந்து நின்றார். "இனிமே இங்க மேஸ்திரி கிடையாது. அந்தக் காலம் போச்சு. உங்க நேரத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். உங்க வேலையை நீங்களே நிர்வாகம் பண்ணலாம். தினமும் காலையில வட்டமா நின்னு பேசுங்க, வட்டம் எடுக்கற முடிவுதான் கடைசி முடிவு. நீங்க தொழிலாளி இல்ல, கூட்டாளி. என்னை முதலாளின்னு கூப்பிடாதீங்க. நானும் உங்கள்ல ஒருத்தன்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். மேஸ்திரி ஒழிந்தாரே, அது போதாதா? அன்றைக்கே வாயாடி அவருக்குப் பெயர் வைத்துவிட்டாள். அவர் கார் வாசலில் நின்றால் போதும், "நம்மள்ல ஒருத்தர் வந்துட்டாரு, நம்மள்ல ஒருத்தர் வந்துட்டாரு" என்று செய்தி டிரையர்வரை பறக்கும்.

நேரம் இஷ்டம்தான். போனில் விரலை வைத்துத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் வருகிற அழுக்கு யார் இஷ்டத்துக்கும் வருவதில்லையே! அது விடியலில் வரும்; மதியத்து வண்டிக்கு வேறு குழு. கொஞ்சம் தூங்கிவிட்டு வருகிறேன் என்று ஒருத்தி நினைத்தால், வரும்போது வேலை தீர்ந்திருக்கும். வேலை இல்லையென்றால் கூலி இல்லை. அதனால் எல்லாரும் சுதந்திரமாக விடியலைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் அவள் பங்கு மற்றவர்கள் தலையில் விழும். காய்ச்சல் விட்டு வருகிறவளை யாரும் 'உடம்பு எப்படி' என்று கேட்பதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒருத்தி கழிப்பறைக்குப் போய் வரத் தாமதமானால் இன்னொருத்தி கதவைப் பார்ப்பாள். மேஸ்திரி இருந்தபோது அவரைத் திட்டுவதிலாவது எல்லாரும் ஒன்றாக இருந்தார்கள். இப்போது ஆளுக்கொரு மேஸ்திரி ஆகிவிட்டார்கள். அதற்குச் சம்பளமும் கிடையாது.

அண்ணியின் வீட்டிலும் இதே கதை. புருஷன் வண்டியில் வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். அவனும் அவனுக்கு முதலாளி. போன் எப்போது கூப்பிடும் என்று அதையே பார்த்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பான். "ஒரே ரூம்ல ரெண்டு முதலாளி இருக்கோம், அடுப்பு மட்டும் பத்த மாட்டேங்குது" என்பாள் அண்ணி. அவனும் சிரிப்பான். சிரித்துவிட்டு மறுபடி போனைப் பார்ப்பான்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ரோலரின் வாயருகே குறுக்காக ஒரு காப்புக் கம்பி உண்டு. கை அதில் பட்டால் உருளை நின்றுவிடும். ஆனால் ஈர விரிப்பின் மடிப்புப் பட்டாலும் நின்றுவிடும். நின்றால் மறுபடி சூடேறக் காத்திருக்க வேண்டும், அத்தனை பேர் வேலையும் பின்தங்கும். வட்டத்தில் இதே பேச்சாக இருந்தது. இன்னொரு பக்கம் மதியம் வருகிற குழு இவர்களைவிட அதிக விரிப்பு போடுகிறது என்று நம்மள்ல ஒருத்தர் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். மதியக் குழுவின் முகத்தை இவர்கள் யாரும் பார்த்ததில்லை. அவர்கள் வருவதற்குள் இவர்களைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவார்கள். ஆனாலும் அவர்கள் மேல் ஒரு கடுப்பு. ஒரு நாள் அண்ணிதான் சொன்னாள்: "கம்பியை மேல தூக்கிக் கட்டிட்டா என்ன?"

ஆளாளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒருத்தி கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தாள். டிரையர்காரர் பெட்டி மேல் ஏறி நின்று மேல் சட்டத்தோடு கட்டினார். நம்மள்ல ஒருத்தர் கேள்விப்பட்டு வந்து, முடிச்சை அண்ணாந்து பார்த்து, "இதுதான் சுயநிர்வாகம்!" என்று கை தட்டினார். மேஸ்திரி கட்டச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார்கள். தங்கள் யோசனை என்பதால் பெருமையாக இருந்தது. அண்ணி அன்றைக்கு வீட்டில் புருஷனிடம் அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

அந்தக் கம்பி இல்லாத வாயில்தான் அன்று காலை வாயாடியின் கை போயிற்று.

அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். விரிப்பின் முனை சுருண்டது. நீவிவிடக் கையை நீட்டினாள். பேச்சு பாதியில் நின்றது. அவள் பேச்சு பாதியில் நின்று அண்ணி கேட்டதே இல்லை. தலையைத் தூக்குவதற்குள் அலறல். அண்ணி மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடிச் சிவப்புப் பொத்தானை அறைந்தாள். உருளை நின்றது. ஆனால் உடனே நிற்கவில்லை. ஐயோ, அந்த வாடை! பிளீச்சிங் வாடை, மருந்து வாடை, எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு அது எழுந்தது. மெஷின்காரர் நெம்புகோலைப் போட்டு உருளையைத் தூக்கினார். வலது கை. விரல்களிலிருந்து மணிக்கட்டுவரை தோல் வெளுத்துச் சுருங்கி இருந்தது. வாயாடி இப்போது கத்தவில்லை. பல் கிட்டிப்போய் அண்ணியின் தோளில் சாய்ந்துவிட்டாள்.

மெஷின்காரர் அவளை அழுக்கு வண்டியிலேயே உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வேலை செய்தார்கள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. யாரும் அதட்டவில்லை, யாரும் போன் பண்ணவில்லை. டிரையரில் துணி காய்ந்துகொண்டிருந்தது, எடுக்காவிட்டால் கருகிவிடும். எடுத்தார்கள். எடுத்ததை மடிக்க வேண்டும். மடித்தார்கள். ஒருத்தி அழுதுகொண்டே மடித்தாள். ரோலருக்குப் பக்கத்தில் மட்டும் யாரும் போகவில்லை.

நம்மள்ல ஒருத்தர் வந்தார். முகத்தில் நிஜமான கவலைதான் தெரிந்தது, அதில் பொய் சொல்ல முடியாது. ஆனால் எதைப் பற்றிய கவலை என்பது வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது.

"கம்பியைக் கட்டச் சொன்னது யாரு? நானா?"

"இல்ல," என்றாள் அண்ணி.

"வட்டம்தானே முடிவெடுத்துச்சு?"

"நீங்க கை தட்டினீங்களே."

"ஊக்கப்படுத்தினேன். முடிவு உங்களோடது. வட்டத்துல நான் தலையிடறதே இல்ல, அது என் கொள்கை." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாருங்க, நமக்கு வேலை கொடுக்கற ஆஸ்பத்திரிக்காரங்க கேப்பாங்க. குழுவே சேர்ந்து கட்டினதுன்னா குழுவையே கலைக்கச் சொல்வாங்க. நான் என்ன பண்ண முடியும்? ஆனா, அந்தப் பொண்ணு யாருக்கும் தெரியாம தானே கட்டிக்கிச்சுன்னா, அவளை மட்டும் வேலையை விட்டு எடுத்துட்டாப் போதும். உங்க எல்லாருக்கும் வேலை நிலைக்கும்."

"அவ வைத்தியச் செலவு?"

"கூட்டாளிதானே? தொழிலாளியா இருந்தா சட்டப்படி நான் பாக்கணும். கூட்டாளி அவங்கவங்க பொறுப்பு. மனுஷத்தனத்துல ஏதாவது செய்வேன், செய்யாம இருக்க மாட்டேன்." கடிகாரத்தைப் பார்த்தார். "மதியத்துக்குள்ள வட்டம் கூடிப் பேசிச் சொல்லுங்க. நான் உள்ள வரமாட்டேன், உங்க உரிமை அது. இந்த வாரம் வட்டத்துக்காகப் பேசற முறை யாருக்கு?"

எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள்.

"எனக்கு," என்றாள் அண்ணி.

அவர் போனதும் அவள் அழுக்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். வாயாடி பேரைச் சொன்னால் வேலை நிலைக்கும். வீட்டில் சுவரோரம் உட்கார்ந்திருக்கிற மனுஷன் நினைவுக்கு வந்தான். சொல்லாவிட்டால் இத்தனை பேர் பிழைப்பில் மண். இதில் பெரிய கொடுமை, கட்டலாம் என்று சொன்ன வாயே இப்போது வாயாடி கட்டினாள் என்று சொல்ல வேண்டும்.

போன் அடித்தது. மெஷின்காரர் நம்பர். எடுத்தால் வாயாடியின் குரல், மருந்து மயக்கத்தில் குழறிக்கொண்டு.

"அண்ணி... லோடு போயிடுச்சா?"

"என்னடி கேக்கறே நீ?"

"மதியக் குழு வர்றதுக்குள்ள முடிச்சிடுவீங்கதானே? என்னாலதான் எல்லாருக்கும் லேட்டு. ஒரு வாரத்துல வந்துடுவேன் அண்ணி. இடது கையால கொடுக்கப் பழகிக்கறேன். என்னை எடுத்துடாதீங்கன்னு சொல்லுங்க."

அண்ணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கை வெந்து கிடக்கிறவள் மன்னிப்புக் கேட்கிறாள்! அவ்வளவு ஆத்திரம் அவளுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. யார்மேல் என்றும் தெரியவில்லை. தன்மேலும் வந்தது.

மெஷின்காரர் திரும்பி வந்தபிறகு வட்டம் கூடியது. முதலில் வாயைத் திறந்தவர் அவர்தான்.

"கேக்கறதுக்குக் கசப்பாத்தான் இருக்கும். அவளுக்குக் கை போச்சு. நம்ம எல்லாருக்கும் வேலையும் போகணுமா? பேரைச் சொல்லிடுவோம். அப்புறம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவளுக்குக் கொடுப்போம். நான் முதல்ல தர்றேன்."

"ஆமாம்," என்றாள் மடிப்பு மேசைப் பெண் ஒருத்தி, யார் முகத்தையும் பார்க்காமல். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க."

"அவளுக்கும் ஒண்ணு இருக்கு," என்றாள் அண்ணி.

"நீங்க நல்லவங்க மாதிரி பேசாதீங்க அண்ணி. போன மாசம் நான் பிள்ளைக்கு ஜுரம்னு வராம இருந்தப்போ முதல்ல முறைச்சது யாரு?"

அண்ணிக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. உண்மைதானே? முறைத்தாள். அந்தப் பிள்ளைக்கு அப்புறம் எப்படி இருந்தது என்றுகூடக் கேட்கவில்லை.

"நான்தான்," என்றாள். "தப்புதான். இப்போ எப்படி இருக்கான்?"

அந்தப் பெண் இதை எதிர்பார்க்கவில்லை. உதடு கோணியது. "தேவலை," என்றாள்.

அப்போதுதான் டிரையர்காரர் தொண்டையைக் கனைத்தார். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர் அவர். வட்டத்தில் இதுவரை தலையைத்தான் ஆட்டியிருக்கிறார்.

"அவளுக்கு அந்தக் கம்பியைக் கட்டின இடம் எட்டாது," என்றார்.

"என்ன?"

"எட்டாது. பெட்டி போட்டாலும் எட்டாது. நான் ஏறித்தான் கட்டினேன். அவ கட்டினான்னு எப்படிச் சொல்வீங்க? என் முடிச்சு அது."

பிள்ளைக்கு ஜுரம் என்றவள் மெதுவாகச் சொன்னாள்: "துணி கிழிச்சுக் கொடுத்தது நான்."

"யோசனையே என்னோடது," என்றாள் அண்ணி. "அதை வெச்சுக்கிட்டு அவ பேரை நான் சொல்லணுமாம். என் நாக்கு அழுகிடாதா? இன்னைக்கு அவ. நாளைக்கு இதே வட்டத்துல நின்னு என் பேரைச் சொல்வீங்க. அப்புறம் உங்க பேரை ஒருத்தர் சொல்வார், மெஷின்காரரே. நம்மளை வெச்சே நம்மளைக் கழிக்கறதுக்குத்தான் இந்த வட்டம். நீங்களே முதலாளின்னாங்க, சரி. லாபம் வந்தப்போ எந்த முதலாளியைக் கூப்பிட்டாங்க? கை வெந்தப்போ மட்டும் கூப்பிடறாங்க!"

மெஷின்காரர் தலை குனிந்து நின்றார். அவர் கைலியிலும் சட்டையிலும் வாயாடியைத் தூக்கிப்போனபோது பட்ட மருந்துக்கறை இருந்தது. "வண்டியில போறப்போ என் தோள்ல சாஞ்சுக்கிட்டு 'அப்பா, அப்பா'ன்னா," என்றார். "அதுக்கப்புறமும் நான் இப்படிப் பேசினேன் பாருங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு யாரையும் கேட்காமல் போய்த் தன் துவைக்கும் இயந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். டிரையர்காரர் டிரையரை நிறுத்தினார். கூடம் அப்படி அமைதியாக இருந்து யாரும் கேட்டதில்லை. வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடிப்பது காதில் விழுந்தது.

அந்த அமைதியில்தான் நம்மள்ல ஒருத்தர் ஓடி வந்தார்.

"ஏன் நிறுத்தினீங்க? யார் நிறுத்தச் சொன்னது?"

"வட்டம்," என்றாள் அண்ணி. எழுந்து நின்றாள். "முடிவெடுத்துட்டோம். கம்பியைக் கட்டினது நாங்க எல்லாரும். கை தட்டினது நீங்க. அவ வேலை செய்யறப்போ காயம்பட்டவ, அவ வைத்தியம் உங்க பொறுப்பு. காப்புக் கம்பி ஒழுங்கா வேலை செய்யற மாதிரி ஆளை வெச்சுச் சரிபண்றவரைக்கும் ரோலர் ஓடாது. அவளை யாரும் எடுக்க மாட்டோம்."

"இதெல்லாம் வட்டத்தோட வேலை இல்லம்மா!"

"வட்டத்து முடிவுதான் கடைசி முடிவுன்னீங்களே?"

"வேலையை எப்படிப் பண்றதுன்னு முடிவெடுங்கன்னேன். வேலையைப் பண்ணலாமா வேண்டாமான்னு இல்ல!"

"அப்போ அதை முடிவெடுக்கறது யாருங்க?"

அவர் ஒரு அடி முன்னால் வந்தார். முகம் சிவந்தது. அந்தக் கூடத்தில் ஒரு வருஷமாகக் காணாமல்போயிருந்த குரல் ஒன்று அவர் தொண்டையிலிருந்து வந்தது. "நான்! இது என் இடம், என் மெஷின். இஷ்டமில்லாதவங்க வெளிய போலாம். மதியக் குழுவை இப்பவே வரச் சொல்றேன். நீங்க இல்லன்னா ஆயிரம் பேர்."

"சரிங்க முதலாளி," என்றார் டிரையர்காரர்.

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். யாரும் வெளியே போகவில்லை. ரோலருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். அண்ணி வாசலையே பார்த்தாள். மதியக் குழு வந்து ஏறிப்போய் மெஷினைப் போட்டால் என்ன செய்வது? கையைப் பிடித்து இழுக்கவா முடியும்? அவர்களுக்கும் வீட்டில் அடுப்பு இருக்கிறதே. இத்தனை நாளும் அவர்களைக் கரித்துக் கொட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து பயத்தைக் கூட்டியது. "வந்தா என்ன சொல்றது?" என்று கிசுகிசுத்தாள் ஒருத்தி. "நடந்ததைச் சொல்லுவோம்," என்றாள் அண்ணி. வேறு ஒன்றும் அவளிடம் இல்லை.

அவர்கள் வந்தார்கள். அவசரத்தில் வந்த முகங்கள், சிலர் தலைகூட வாரவில்லை. முன்னால் வந்தவள் கண்ணாடி போட்ட, தடித்த உடம்புக்காரம்மா ஒருத்தி. உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து நின்றாள். பிறகு ரோலரைப் பார்த்தாள். உருளைத் துணியில் கருகி ஒட்டியிருந்ததைப் பார்த்தாள்.

"யார் கை?" என்று கேட்டாள்.

"இங்க கொடுக்கற பொண்ணு. ரொம்பப் பேசுவா," என்றாள் அண்ணி. "அவதான் தப்பு பண்ணினான்னு எங்களைச் சொல்லச் சொல்றாங்க."

"சீக்கிரம், சீக்கிரம்!" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார் முதலாளி. "இன்னைக்கு ரெண்டு பங்கு வேலை உங்களுக்குத்தான். மெஷினைப் போடுங்க!"

கண்ணாடிக்காரம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. வலது கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி முழங்கைவரை மேலே சுருட்டினாள். உள்பக்கத்தில் ஒரு நீளத்துக்குத் தோல் பளபளவென்று இறுகிக் கிடந்தது. காய்ந்து ஆறின தீக்காயம்.

"எங்களுக்கும் இதே ரோலர்தான். நீங்க கட்டின கட்டை அவிழ்க்காமத்தான் ஓட்டினோம். நீங்க எங்களைவிட அதிகமாப் போடறீங்கன்னு தினமும் சொல்வார்," என்றாள். "நான் யார்கிட்டயும் சொல்லல. என் குழுகிட்டகூட. சொன்னா எல்லாருக்கும் கெட்ட பேருன்னு நினைச்சேன்."

அவளோடு வந்தவர்கள் அந்தக் கையை முதல் தடவையாகப் பார்த்தார்கள். ஒருத்தி "ஐயோ அக்கா" என்று அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்களா? நீங்கதான் அதிகமாப் போடறீங்கன்னுல்ல எங்ககிட்டச் சொன்னார்!" என்றார் மெஷின்காரர்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. முதலாளி மறுபடி ஏதோ கத்தினார். வேலை வேண்டுமா வேண்டாமா என்றார். போலீஸ் என்றார். அடுத்த வண்டி வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஓட்டுநர் இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு, என்ன விஷயம் என்று கேட்காமலே இன்ஜினை அணைத்தார்.

கண்ணாடிக்காரம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார இடம் தேடினாள். அண்ணி தள்ளி உட்கார்ந்தாள். ஒருவர் பின் ஒருவராக மதியக் குழுவும் உட்கார்ந்தது. இருந்த இடம் போதாமல் ரோலரைச் சுற்றிப் பின்பக்கம்வரை உட்கார வேண்டியிருந்தது. நாளைக்கு வேலை இருக்குமா, இந்தக் கதவு திறக்குமா, அண்ணிக்குத் தெரியாது. பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளின் தோள் சூடாக, கனமாக இருந்தது, அது நகரவில்லை.

"தொழிலாளர் ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறப்பாங்க?" என்று கேட்டாள் கண்ணாடிக்காரம்மா.

"தெரியலையே."

"நாளைக்குக் காலையில போய் நிப்போம். அந்தப் பொண்ணையும் கூட்டிக்கிட்டுப் போவோம், அவளால முடிஞ்சா. என் கையையும் காட்டறேன்," என்றாள் அவள்.

"யார் யார் போறது?" என்று பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

அண்ணி திரும்பிப் பார்த்தாள். ரோலருக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம், எல்லாக் கையும் மேலே இருந்தது.